ஐந்து விரல் என்று சொன்னவள்

மீன் ஏன் தண்ணீரை விட்டுக் கரைக்கு வந்தது என்று எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள். குட்டை வற்றியது, பெரிய மீன் துரத்தியது, கரையில் பூச்சி கிடைத்தது என்று படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதே குட்டையில் அதற்கு ஒரு தங்கை இருந்திருக்கும்.

எனக்கு இருந்தாள். குட்டை கூட இல்லை, ஒரே அறை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை; இரண்டு மேஜை, இரண்டு விளக்கு, நடுவில் ஆறடி இடைவெளி. கல்லுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் எலும்பை உடையாமல் வெளியே கொண்டுவருவது எங்கள் வேலை. அதற்குக் காற்றழுத்தத்தில் அதிர்கிற ஊசி ஒன்று உண்டு. பேனா போலப் பிடிப்பதால் அதற்குப் பெயரே பேனாதான். பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் குனிந்து நாள் முழுக்கச் சுரண்டினால் கட்டைவிரல் நகம் அளவுக்கு இடம் சுத்தமாகும். கழுத்து விட்டுப்போகும், மூக்கெல்லாம் தூசி ஏறும், கம்ப்ரஸர் சத்தத்தில் காது அடைக்கும். இதெல்லாம் போதாதென்று தங்கை வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்து அவளும் வந்து சேர்ந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கும் கல் சுரண்டுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அலுவலகத்தில் நாங்கள் பெரியவள், சின்னவள். சின்னவள் என்னைவிட ஐந்து வயது இளையவள், கொஞ்சம் உயரம், கை மட்டும் என்னுடையதைவிட நிதானம். கடைசியில் சொன்னதை அப்போதெல்லாம் நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சின்னவள் வெகுதூரத்தில், கல் தோண்டுகிற இடத்தில் இருந்தாள். வர இரண்டு நாள் ஆகும். கிளம்பி வரட்டுமா என்று போனில் கேட்டாள். சாதாரணக் காய்ச்சல்தான், டாக்டரே பயப்பட வேண்டாம் என்கிறார், வேலையை முடித்துவிட்டு வா என்று அவளிடம் சொன்னேன். நான்காம் நாள் அம்மா போய்விட்டாள். சின்னவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள்கூடக் கிளம்பியிருந்தார்கள். வாசலில் பையைக்கூட இறக்கி வைக்காமல், "நீயா முடிவு பண்ணிட்டல்ல" என்றாள். அவள் என்னிடம் கடைசியாக நேராகப் பேசியது அதுதான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடேன் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். தப்பு செய்தவர்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சித்தியையும் கடித்து அனுப்பினேன்.

பேச்சு இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். சாடை பேசுவோம். "சில பேருக்குக் கம்ப்ரஸரைப் போடத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது" என்று அவள் விளக்கைப் பார்த்துச் சொல்வாள். "சில பேருக்கு அடுத்தவங்க வேலையைக் கவனிக்கறதே வேலை" என்று நான் என் ஊசியிடம் சொல்வேன். பசை பாட்டில் என் மேஜையில் இருந்தால் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போவாளே தவிர, கேட்க மாட்டாள். நானும் அதை வேண்டுமென்றே என் முழங்கைக்குப் பின்னால் வைப்பேன்.

எங்கள் தலைமை அதிகாரி மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கு மேலிடம் என்று பெயர். எங்கள் சண்டை மேலிடத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கல்லை எங்கள் இரண்டு பேருக்குமே பிரித்துக் கொடுத்தார்.

அந்தக் கல்லில் இருந்த பிராணி மீன் என்றால் மீன் இல்லை, பல்லி என்றால் பல்லி இல்லை. முப்பத்தாறு கோடி வருடம் பழையது. மீனுக்கு உள்ளது போல வால், வாலைச் சுற்றித் துடுப்பு, தலைக்குள் செவுளைத் தாங்குகிற எலும்பு. ஆனால் முன்பக்கத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் முழங்கை, மணிக்கட்டு, விரல். கல்குவாரியில் யாரோ எப்போதோ உடைத்துப் போட்டதில் ரொட்டியைப் பிளந்த மாதிரி கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதியில் எலும்பு நின்றுவிட்டது, மறுபாதியில் அந்த எலும்பு பதிந்த பள்ளம். பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, இரண்டு பாதியின் மேலும் சுண்ணாம்பு படிந்து இறுகிப் போயிருந்தது. எலும்புப் பாதியை எனக்குக் கொடுத்தார், பள்ளப் பாதியை அவளுக்கு. மூத்தவளுக்கு எலும்பு என்பதில் எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம்.

இடது முன்கையை முதலில் சுத்தம் செய்தது நான்தான். மூன்று வாரம் ஆயிற்று. நாலாவது வாரம் ஒரு நாள் மதியம் மேலிடம் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று காலை ஐந்தாவது விரல் முழுதாகத் தெரிந்தது. கைக்கு முன்புறம், ஓரத்தில், குச்சி குச்சியாக இன்னும் ஏதோ கறுத்துக் கிடந்தது. சேற்றில் மக்கிய தண்டு என்று முடிவு செய்தேன். பார்க்கிறவர் கண்ணுக்கு ஓரம் சுத்தமாக இருக்கட்டும் என்று பேனாவின் அழுத்தத்தைக் கூட்டி, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் நிரவிவிட்டேன். ஐந்து எண்ணியாகிவிட்டது, அதற்கு மேல் என்ன இருக்கப் போகிறது?

அந்தக் காலத்துப் பிராணிகளில் ஆறு விரல், ஏழு விரல், எட்டு விரல் உள்ளவை வேறு இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஐந்தே விரலோடு இவ்வளவு பழைய கை யாருக்கும் கிடைத்ததில்லை. மேலிடம் என் மேஜைக்கு மேல் குனிந்து இரண்டு தடவை எண்ணினார், பிறகு தன் கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது நம்ம கை" என்றார். அந்தக் கல்லை வைப்பதற்காகக் கட்டிய புதுக் கூடத்துக்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்: முதல் அடி. கூடத்தின் சுவர் முழுக்க ஒரு படம் வரையச் சொன்னார். அதில் எங்கள் பிராணி கரையில் ஏறி நின்று, ஐந்து விரலையும் விரித்து, ஓட்டுக் கேட்கிறவர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இருக்கும். செய்தித்தாளில் என் படம் வந்தது. ஐந்து விரல் என்று முதலில் சொன்னவர் என்று கீழே போட்டிருந்தார்கள். அதை வெட்டி, சின்னவள் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் ஒட்டினேன்.

நாலு மாதம் கழித்து அவள் தன் பாதியில் அதே கைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் காலை பேனாவை நிறுத்திவிட்டு வெகுநேரம் குனிந்தபடி இருந்தாள். பிறகு கல்லிடம் கொஞ்ச ஆரம்பித்தாள்.

"எட்டு விரலை வெச்சுக்கிட்டு இத்தனை நாளா கமுக்கமா இருந்திருக்கியேடா. நீ என்ன பண்ணுவ பாவம். சில பேருக்கு அஞ்சுக்கு மேல எண்ண வராது."

நான் எழுந்து அவள் மேஜைக்குப் போனேன். மூன்று வருடத்தில் அந்த ஆறடியை நான் தாண்டியது அன்றுதான். பள்ளங்கள் தெளிவாக இருந்தன. ஐந்து என்னுடையவை. அவற்றுக்கு முன்னால், ஓரத்தில், ஒல்லியாக இன்னும் மூன்று. ஒவ்வொன்றிலும் கணு கணுவாகப் பிரிவு.

"கீறியிருக்க" என்றேன்.

"என்னது?"

"ஊசியால கீறியிருக்க. எலும்புல இல்லாத விரல் பள்ளத்துல எப்படி வரும்?"

"எலும்புல இருந்துச்சு. நீ சுரண்டித் தள்ளிட்ட."

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். எலும்பு எது, குப்பை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பாத்தாத்தானே தெரியும். நீ எங்க பாக்கற? முடிவு பண்ணிட்டுதான் உட்காருவ. அம்மா விஷயத்துலயும் இதேதான் பண்ண."

அம்மாவை அவள் இழுத்திருக்கக் கூடாது. எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தொழிலில் எலும்பை உடைத்தால் திட்டு விழும், தொலைத்தால் சம்பளம் பிடிப்பார்கள். கல்லில் இல்லாததைச் செதுக்கிக் காட்டினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. ஊர் ஊராக விஷயம் பரவும். அப்படி மாட்டியவரை எந்த அருங்காட்சியகமும் வாசலில்கூட நிற்க விடாது. அது நன்றாகத் தெரிந்துதான் நான் மூன்று மாடி ஏறினேன்.

"கீறியிருக்கா சார்" என்று மேலிடத்திடம் சொன்னேன். "என் மேல இருக்கற கடுப்புல பண்ணியிருக்கா." அந்த நேரத்தில் அதைச் சத்தியமாக நம்பினேன். என்னை நோகடிக்க அவள் எதையும் செய்வாள் என்று நினைத்தேன், ஏனென்றால் அவளை நோகடிக்க நான் எதையும் செய்வேன்.

மறுநாள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து கல்லைப் பார்ப்பதாக இருந்தது, அதற்கு அடுத்த வாரம் கூடத்தின் திறப்பு. மேலிடம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சின்னவளைக் கேட்டார்.

"அஞ்சு விரலோட கரையில நடந்த பிராணின்னு உலகத்துக்கே சொல்லியாச்சு. இப்போ வந்து எட்டுங்கறீங்க?"

"அது கரையில நடக்கவே இல்ல சார்" என்றாள் அவள். "வாலைப் பாருங்க, செவுளைப் பாருங்க. முழுக்கத் தண்ணியில இருந்த பிராணி. இந்த மணிக்கட்டு உடம்பைத் தூக்கி நிறுத்தாது. தண்ணிக்குள்ள செடிக்கு நடுவுல தள்ளிட்டுப் போறதுக்கு அகலமான கை போதும். அதுல விரல் எட்டு இருந்தா என்ன, ஏழு இருந்தா என்ன? கரைக்கு வர்றதுக்காகக் கால் முளைச்சுதுன்னு எல்லாரும் நினைச்சுக்கறோம். கால் தண்ணியிலேயே வந்துடுச்சு. விரலும் தண்ணியிலேயே வந்துடுச்சு. கரைக்கு ஏறினது அதுக்கு ரொம்ப நாள் அப்புறம்."

"அப்போ என் சுவர்ல வரைஞ்சிருக்கற படம்?"

"தப்பு சார்."

மேலிடம் பேப்பர் வெயிட்டை நிறுத்தினார். அந்தப் படத்துக்கு இரண்டு மாதமாக அவரே தினமும் வந்து நிறம் சொல்லியிருந்தார். சின்னவளுக்கு உண்மையைச் சொல்லத் தெரியும், யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது. அதில் மட்டும் அவள் அம்மா மாதிரி.

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தாகிவிட்டது. கல்லில் இரும்பு அதிகம், படம் முழுக்க வெள்ளை மூட்டம்தான் வந்தது.

"தூசிக் கவரைப் பாருங்க சார்" என்றாள் சின்னவள். "இவங்க முன்கை பண்ண அன்னிக்கு எடுத்த கவரு. மூணு விரல் இருந்திருந்தா அந்தத் தூசியில இருக்கும். இல்லன்னா நான்தான் கீறினேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

எங்கள் அறையில் தூசியைக் குப்பையில் கொட்ட மாட்டோம். சாயங்காலம் கல்லைச் சுற்றியுள்ளதைத் தூரிகையால் கூட்டி, ஒரு காகிதக் கவரில் போட்டு, தேதியும் கல்லில் எந்த இடம் என்பதும் எழுதி ஒட்டிவைப்போம். தெரியாமல் எலும்புச் சில்லு தெறித்திருந்தால் பிறகு தேட வேண்டும் அல்லவா? என் கவர்கள் என் அலமாரியில் இருந்தன, சாவி என்னிடம் இருந்தது.

"தாராளமா பாருங்க. இதோ எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படி இறங்கினேன்.

கவர் வைத்த இடத்தில் இருந்தது. நேராக மேலே கொண்டுபோயிருக்கலாம். ஜெயித்த முகத்தோடு போக வேண்டும் என்று ஆசை. அதனால் தூசியைக் கண்ணாடித் தட்டில் கொட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். எங்கள் கல் உடைந்தால் உள்ளே சாம்பல் நிறம், எலும்பு உடைந்தால் உள்ளே தேன் நிறம். ஊசியால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சாம்பல், சாம்பல், சாம்பல். பிறகு கடுகளவில் ஒன்று, தேன் நிறத்தில், ஒரு முனை உருண்டு வழுவழுவென்று இருந்தது. இன்னொரு எலும்போடு பொருந்துவதற்கான உருண்டை அது. எந்தத் தண்டுக்கும் அப்படி ஒரு மூட்டு இருக்காது. இன்னொன்று கிடைத்தது. அப்புறம் இன்னொன்று. நாலு துண்டு எண்ணினேன். மேலே எண்ணக் கை வரவில்லை.

முப்பத்தாறு கோடி வருடம் கல்லுக்குள் பத்திரமாக இருந்த மூன்று விரல்களைப் பத்து நிமிடத்தில் நான் மாவாக்கியிருந்தேன். தூசியைத் திரும்பக் கவரில் போட்டு ஒட்டினேன். கவரைக் கைப்பைக்குள், துண்டுக்கு அடியில் செருகினேன். மூன்று மாடியும் ஏறுகிறவரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"அந்த வாரத்துக் கவர் இல்ல சார்" என்றேன். "மழையில தண்ணி இறங்கினப்போ நனைஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டோம்ல. அதோட போயிருக்கணும்."

சின்னவள் என்னையே பார்த்தாள். மேலிடம் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இன்று முதல் அவள் கல்லைத் தொடக் கூடாது, திறப்பு முடிந்ததும் விசாரணை, அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவமானத்தில் என் காது சுட்டது. அதோடு சேர்ந்து கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷிக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கீழே வந்து அவள் தன் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். நான் வேலை பார்க்கிற மாதிரி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"மேல கேட்கல, இங்க கேக்கறேன்" என்றாள். "நெசமாவே கவர் இல்லையா?"

"இல்ல."

"இனிமே எந்த ஊர்லயும் என்னைக் கல்லுகிட்ட விட மாட்டாங்க. தெரியும்ல உனக்கு?"

"கீறறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு அப்புறமும் நான் சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மேலிடத்திடமிருந்து உத்தரவு வந்தது. நிபுணர்கள் வருவதற்குள் சின்னவளின் பாதியில் இருக்கிற மூன்று 'கீறல்'களையும் அடைத்து, கல் நிறம் பூசிவிட வேண்டும். நானே செய்ய வேண்டும். கல்தூளையும் பசையையும் குழைத்து எடுத்துக்கொண்டு அவள் மேஜையில், அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடைப்பதற்கு முன் பள்ளத்தைத் துடைக்க வேண்டும். விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்.

ஓர் ஊசித் தடம்கூட இல்லை. சுண்ணாம்பு மட்டும் போயிருந்தது, அடியில் இருந்த கல்லின் தோல் அப்படியே இருந்தது. எட்டாவது விரலின் நுனி எள்ளைவிடச் சின்னது. அதன் ஓரத்தைக்கூட மழுங்கடிக்காமல் எடுத்திருந்தாள். அந்த ஒரு நுனிக்கு மட்டும் நாலு நாள் உட்கார்ந்திருப்பாள். என் பாதியின் ஓரத்தை எட்டிப் பார்த்தேன். பேனாவின் அழுத்தத்தைக் கூட்டிய இடம் உழுதுபோட்டது மாதிரி இருந்தது. மேலிடத்துக்கு அது தெரியாது, பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாது. வேலை தெரிந்தவள் ஒருத்தி ஆறடி தள்ளி உட்கார்ந்து, நாலு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவளை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அவள் மேல் இரக்கப்பட்டு நான் நிறுத்தவில்லை. அவ்வளவு நல்ல வேலையைப் பசை போட்டு மூட என் கை வரவில்லை, அவ்வளவுதான். குழைத்தது கிண்ணத்திலேயே காய்ந்து இறுகியது.

கைப்பையிலிருந்து கவரை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"எட்டு விரல் சார்" என்றேன். "மூணை நான் சுரண்டிட்டேன். கவர் நேத்தே கிடைச்சுது. பொய் சொன்னேன்."

மேலிடம் கவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கவரை வெச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பீங்க?"

"ஏம்மா, உங்க தங்கச்சி கூட உங்களுக்குப் பேச்சே கிடையாது. உங்க பேரும் கெடும், என் பேரும் கெடும். யாருக்காக இதெல்லாம்?"

நல்ல கேள்வி. "வியாழக்கிழமை அவங்க வர்றப்போ நானே சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னேன். கவரை மேஜையில் வைக்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்து நிபுணர்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். தூசியைத் தட்டில் கொட்டி, நான்கு துண்டையும் காட்டினேன். அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத யாரு பண்ணது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அந்த அம்மாள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். பிறகு பள்ளப் பாதியைப் பார்த்துவிட்டு, "இது?" என்றாள். என் தங்கச்சி என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியும் மூன்று வருடம் ஆகியிருந்தது.

சுவர்ப்படத்தைத் துணி போட்டு மூடினார்கள். திறப்பு தள்ளிப்போனது. கல்லுக்குள் இன்னும் பின்னங்கால் வெளியே வராமல் இருந்தது; அதன் இரண்டு பாதியையும் சின்னவளிடமே கொடுத்தார்கள். என்னை அடுத்த கட்டடத்துக்கு, உடைந்த பானை ஒட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். பானையில் தப்பாக ஒட்டினால் பிரித்துத் திரும்ப ஒட்டலாம் என்று மேலிடம் ஆர்டரைக் கையில் கொடுக்கும்போது சொன்னார். அவருக்கும் வஞ்சம் தீர்க்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் வந்தாள். பையை இறக்கினாள், துணியை விரித்து ஊசிகளை வரிசையாக வைத்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன். உன்னால் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக எடுக்க முடிந்தது என்று கேட்கவும் ஆசையாக இருந்தது. சுவரிலிருந்த செய்தித்தாள் துண்டைக் கிழித்துக் கசக்கினேன்.

"அக்கா."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"தப்பு என்னோடதுன்னு உன் வாயால சொல்ல முடியும்னு எனக்கு இப்பதான் தெரியுது" என்றாள். "அப்போ இதையும் சொல்லு. அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

மூன்று வருடமாகச் சொல்லி வந்த பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சித்தியிடம் சொன்னது, சொந்தக்காரர்களிடம் சொன்னது, போனில் இவளிடமே சொன்னது. பல தடவை சொல்லிச் சொல்லி, பாதி நாள் நானே அதை நம்பினேன்.

"எல்லாரையும் வரச்சொல்லிடுங்கன்னு சொன்னாரு."

"எப்போ?"

"நீ போன் பண்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எழுந்து உட்கார்ந்து பால் குடிச்சாங்க" என்றேன். "தலை சீவி விடச் சொன்னாங்க. டாக்டருக்கு என்ன தெரியும், கூடவே இருக்கற எனக்குத் தெரியாதான்னு நினைச்சேன். நீ பதறியடிச்சுட்டு வந்து, வேலையும் கெட்டு, கடைசியில ஒண்ணுமில்லன்னா என்னைத்தான் குத்திக் காட்டுவன்னு நினைச்சேன்."

"என்னைக் கேட்டாங்களா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. என்னால் முடியவில்லை.

"கேட்டாங்க. கடைசி ரெண்டு நாளும் கேட்டாங்க. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்."

சின்னவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் அதைப் பார்க்காத மாதிரி ஊசி ஒன்றை எடுத்து, நேராக இருந்ததை இன்னும் நேராக வைத்தாள்.

"டாக்டரே தப்பா சொல்லியிருப்பாரோ, உன்னை வீணா திட்டறேனோன்னு மூணு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள். "அந்தச் சந்தேகம் இருந்ததாலதான் உன்கூட ஒரே ரூம்ல உட்கார முடிஞ்சுது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சாவியை வெச்சிட்டுப் போ" என்றாள்.

அலமாரிச் சாவி, அறைச் சாவி இரண்டையும் அவள் மேஜையில் வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நான் வாசலைத் தாண்டுகிறவரை நின்று பார்த்துவிட்டு, அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.